தரவழிப்புக் கருவியும் அதன் ஆவணமும்: செயற்கை நுண்ணறிவு முகவர்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

தோற்றுவாய்

ஒரு சமூகம் எவற்றைப் பேணுகின்றது என்பதைக் கொண்டு அதன் பண்பாட்டை மதிப்பிடுதல் ஆய்வாளர் வழக்கம். அச்சமூகம் எவற்றை, எம்முறையில், யாருடைய ஆணையின்பேரில் அழிக்கின்றது என்பதும் அதேயளவு முக்கியமான வினாவாகும். ஏடும் தாளும் ஆவண ஊடகங்களாயிருந்த காலத்தில் அழித்தல் உழைப்பை வேண்டிநின்றது. கிழிப்பதற்கும் எரிப்பதற்கும் நேரம் தேவைப்பட்டது. அந்நேரத்தில் தடுப்பதற்கு ஒருவர் வரவும் கூடும். கணினித் தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகளை அழிப்பதற்கு ஒரு வரிக் கட்டளை போதுமானது. அக்கட்டளையை மனிதரே இடவேண்டும் என்ற நிலையும் இப்போது மாறிவருகின்றது.

மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் மென்பொருள் முகவர்கள் இம்மாற்றத்தின் கருவிகளாகும். மனிதர் இயல்பான மொழியில் ஒப்படைக்கும் பணியை ஏற்று, அதனைப் படிகளாக வகுத்து, தம்மிடம் தரப்பட்ட கருவிகளுள் ஏற்றதைத் தாமே தெரிந்து இயக்குவது அவற்றின் இயல்பு. இங்குக் கருவி என்பது ஒரு குறித்த செயலைச் செய்யும் சிறு செய்நிரலாகும். அதற்கு ஒரு பெயரும், அது ஏற்கும் உள்ளீடுகளின் பட்டியலும், அது யாது செய்யும் என்பதைக் கூறும் விளக்கவுரையும் இருக்கும். முகவர் பொதுவாக அச்செய்நிரலின் உள்ளமைப்பைக் காண்பதில்லை. பெயரையும் உள்ளீடுகளையும் விளக்கவுரையையுமே படிக்கின்றது. படித்ததைக் கொண்டே முடிவெடுக்கின்றது.

இவ்விடத்திலேயே எமது ஆய்வுப் பொருள் தோன்றுகின்றது. மனிதப் பயனாளருக்கு ஆவணம் ஒரு துணை. அவர் அதனைப் படியாது விடலாம். சந்தேகம் எழுந்தால் பக்கத்திலிருப்பவரைக் கேட்கலாம். அலுவலகத்தின் எழுதாத மரபுகளையும் அவர் அறிவார். முகவருக்கோ எழுதப்பட்டது மட்டுமே உண்டு. எனவே அழிப்புக் கருவியொன்றின் ஆவணத்தை எழுதுதல், அழிப்பு நிகழ்ந்தபின் செய்யப்படும் எழுத்துவேலை அன்று. அது அழிப்புச் செயலின் ஒரு பகுதியேயாகும். இக்கருத்தை நிறுவுவதும், அத்தகைய ஆவணம் எவ்வாறு அமையவேண்டும் என்பதை எமது சூழலில் வைத்து விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஏட்டு மரபு தரும் பாடம்

எழுதப்பட்ட விதியை எழுத்தின்படி நிறைவேற்றியதால் நேர்ந்த அழிவுக்குத் தமிழ் ஏட்டு மரபிலேயே சான்று உண்டு. பனையோலைக்கு ஆயுள் குறைவு. ஆகவே பழைய ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியபின் பழையதைக் கழிப்பது வழக்காயிருந்தது. பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடுதலும் தீயிலிடுதலும் அவ்வாறு கழிக்கும் முறைகளாகும். இங்கு இரு படிகள் உள்ளன: முதலாவது பெயர்த்தெழுதுதல், இரண்டாவது கழித்தல். முதலாவது இன்றி இரண்டாவது நிகழுமாயின் நூல் மறைகின்றது.

கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலிலிருந்த பழைய ஏடுகளைத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டமையை அறிந்து துயருற்றதைப் பதிவுசெய்துள்ளார். அவ்வாறு செய்தவர் பகைவர் அல்லர். சிதைந்த ஏடுகளை அவ்வாறு கழிக்கவேண்டும் என்று சாத்திரம் கூறுவதாக நம்பி அதன்படி நடந்தவர்களே அவர்கள். பெயர்த்தெழுதியபின்னரே கழிக்கவேண்டும் என்ற முன்னிபந்தனை அவர்களைச் சென்றடையவில்லை. விதியின் ஒரு பாதி கிடைத்தது, மறுபாதி கிடைக்கவில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தமது பதிப்புரைகளில் ஏடுகளின் சிதைவு குறித்து வெளியிட்ட கவலையையும் இதனோடு சேர்த்து நோக்கலாம். அழிவு என்பது எப்போதும் வன்மத்தினால் நேர்வதன்று. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களை விழுங்கிய தீ வன்மத்தின் தீ. கரிவலம்வந்தநல்லூர்த் தீ கீழ்ப்படிதலின் தீ. முகவர்களைப் பொறுத்தவரை நாம் கூடுதலாக அஞ்சவேண்டியது இந்த இரண்டாவது வகையையே.

அண்மைக்கால நிகழ்வுகள்

2017 சனவரி 31ஆம் திகதி கிற்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், துணைச் சேவையகம் எனக் கருதி முதன்மைச் சேவையகத்தின் தரவுத்தளத்தை அழித்தார். ஏறத்தாழ 300 கிகாபைற்றுத் தரவு சில கணங்களில் மறைந்தது. பல்வகைப் பிரதிகாப்பு முறைகள் இருந்தும் அவற்றுட் பெரும்பாலானவை செயற்படவில்லை. ஆறு மணிநேரத்துக்கு முன்னர் தற்செயலாக எடுக்கப்பட்ட பிரதியொன்றே கைகொடுத்தது. இங்குப் பிழைத்தது மனிதக் கை. கட்டளை தான் எந்த இடத்தில் நிகழப்போகின்றது என்பதை அறிவிக்கவில்லை என்பதே ஊன்றி நோக்கத்தக்கது.

இலங்கையிலும் இத்தகைய அனுபவங்கள் உண்டு. 2021 யூலையில் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்குரிய பெருந்தொகைத் தரவு அரச முகில் அமைப்பிலிருந்து அழிந்தது. அது நீதிமன்ற விசாரணைக்கும் உரியதாயிற்று. 2023 ஓகஸ்ற் மாதத்தில் அதே அமைப்பு பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீட்கப்படவில்லை. அக்காலப்பகுதிக்குரிய பிரதிகள் பேணப்பட்டிருக்கவில்லை என்பதே காரணம்.

முகவரே நேரடியாக அழித்த நிகழ்வு 2025 யூலையில் பேசுபொருளாயிற்று. ரெப்பிளிற் நிறுவனத்தின் செய்நிரலாக்க முகவர், எம்மாற்றமும் செய்யவேண்டாம் என்ற அறிவுறுத்தல் இருந்தும், ஒரு தொழில்முனைவோரின் செயற்பாட்டுத் தரவுத்தளத்தை அழித்தது. அதன்பின் தரவை மீட்க முடியாது என்றும் அது கூறியது; ஆனால் மீட்பு சாத்தியமாயிற்று. இந்நிகழ்வில் இரு பாடங்கள் உள. சொல்லால் மட்டும் இடப்பட்ட தடை தடையாகாது என்பது ஒன்று. தான் செய்தது மீளத்தக்கதா அன்றா என்பதையே முகவர் அறிந்திருக்கவில்லை என்பது மற்றையது. முன்னையது கருவியின் அமைப்புப் பற்றியது. பின்னையது ஆவணம் பற்றியது.

உடுப்பிட்டியில் ஒரு வாசிகசாலை

பொதுநிலையிற் கூறியவற்றை ஓர் உதாரணத்தில் வைத்து நோக்குதல் நன்று. வடமராட்சியின் உடுப்பிட்டியில் ஒரு வாசிகசாலை தன் ஆவணங்களைக் கணினிமயப்படுத்தியுள்ளதாகக் கொள்வோம். பழைய நூல்களின் பட்டியல், கோவில் மலர்கள், பாடசாலை மலர்கள், 1987 மே மாதத்தில் தொடங்கிய வடமராட்சிப் படைநடவடிக்கையின்போதும் அதன்பின்னரும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரம், காணாமற்போனோர் பற்றி உறவினர் தந்த குறிப்புகள் என்பன அதில் உள்ளன. இத்தரவுகளை ஒழுங்குசெய்ய ஒரு முகவர் அமர்த்தப்படுகின்றது. அதனிடம் மூன்று பணிகள் ஒப்படைக்கப்படுகின்றன: இரட்டைப் பதிவுகளை நீக்குக, பழுதடைந்த கோப்புகளை நீக்குக, முழுமையற்ற பதிவுகளை நீக்குக. எந்த அலுவலகத்திலும் ஒருவர் இயல்பாகக் கூறக்கூடிய வாக்கியங்களே இவை. மூன்றும் ஆபத்தானவை.

முதலாவதாக, இரட்டைப் பதிவு. யாழ்ப்பாணத்துப் பெயரிடு மரபில் தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும். பேரனுக்குப் பாட்டனின் பெயரை இடுதலும் வழக்கு. கந்தையா சின்னத்தம்பியின் மகன் சின்னத்தம்பி கந்தையா. அவருடைய மகன் மீண்டும் கந்தையா சின்னத்தம்பி. ஊரும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றேயாயினும் இவர்கள் இரு மனிதர். இதற்கு மறுதலையாக, 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவசம்புப் புலவர் ஒருவரே, ஊர்ப்பெயருடனும் அஃதின்றியும், சொற்கள் சேர்ந்தும் பிரிந்தும் பட்டியலில் மூவராகத் தோன்றக்கூடும். எழுத்துக் குறிமுறையும் இச்சிக்கலைப் பெருக்குகின்றது. யுனிக்கோட்டில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளின் சேர்க்கையாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாயிருப்பது, சமப்படுத்தாது ஒப்பிடும் கணினிக்கு இரண்டாகும்.

இரண்டாவதாக, பழுதடைந்த கோப்பு. யுனிக்கோட்டு முறை பரவுமுன் ஈழத்தில் பெருவழக்காயிருந்தது பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சான தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகவே தோன்றும். பழுதென்பது யாது என ஆவணம் வரையறை செய்யாதவிடத்து, ஒரு தலைமுறைக்காலத் தமிழ் எழுத்து முழுவதையும் பழுதெனக் கொள்வதற்கு முகவருக்கு எல்லா நியாயமும் உண்டு.

மூன்றாவது வகையே மிகப் பாரதூரமானது. காணாமற்போன ஒருவரின் பதிவில் இறந்த திகதி என்ற இடம் வெறுமையாயிருக்கும். அவ்வெறுமை குறைபாடன்று, அதுவே செய்தி. மரணப் பதிவு தொடர்பான சட்டத்துக்கு 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஒருவர் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைக் குடும்பத்தினர் பெற வழிவகுத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. இறந்தார் என எழுத மறுத்த தாய்மாரின் நிலைப்பாட்டைச் சட்டமே ஓரளவு ஏற்கவேண்டியதாயிற்று. அவ்வெற்றிடத்தை முழுமையற்ற பதிவு எனக் கொண்டு ஒரு கருவி நீக்குமாயின், ஒரு மனிதன் இரண்டாம் முறையும் காணாமற்போகின்றான்.

ஆவணம் ஓர் உறுதியாக அமைதல்

இவ்வாறாயின் ஆவணம் எவ்வாறு எழுதப்படவேண்டும்? எமது மக்களுக்கு நன்கு பழக்கமான ஒரு முன்மாதிரி உண்டு. அது காணி உறுதி. யாழ்ப்பாணத்து உறுதியொன்று காணியின் பெயரையும், பரப்பிலும் குழியிலும் அதன் அளவையும் கூறும். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நாற்புற எல்லைகளையும் வரையறுக்கும். கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்பவற்றையும் குறிக்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாகவேண்டும். ஒரு பரப்புக் காணியைக் கைமாற்றுவதற்கே இத்தனை சொற்கள் வேண்டப்படுமாயின், ஓர் ஊரின் நினைவை நீக்கும் கருவிக்கு ஒரு வரி விளக்கம் போதாது.

உறுதியின் கூறுகளை வரிசையாகப் பொருத்திக் காணலாம். முதலாவது பெயரும் செயலும். தமிழில் அழித்தல், நீக்குதல், அகற்றுதல், மறைத்தல், கழித்தல் என்பன பேச்சில் ஒன்றுக்கொன்று பதிலாக வழங்குவன. ஆவணத்தில் அவ்வாறு வழங்கலாகாது. பட்டியலில் தோன்றாது செய்தல் மறைத்தல் எனவும், மீட்கக்கூடியவாறு ஒதுக்கிவைத்தல் நீக்குதல் எனவும், மீளாதவாறு இல்லாமற்செய்தல் அழித்தல் எனவும் வரையறுத்து, ஒரு பொருளுக்கு ஒரு சொல்லையே இறுதிவரை ஆளவேண்டும். மீளத்தக்க செயலும் மீளாச் செயலும் ஒரே கருவிக்குள் அமையாது தனித்தனிக் கருவிகளாதல் சிறப்பு.

இரண்டாவது அளவும் எல்லையும். கருவி எந்தத் தரவுத்தளத்தில், எந்த அட்டவணையில், எந்த நிரைகளைத் தொடும் என்பது கூறப்படவேண்டும். நிபந்தனை எதுவும் தரப்படாதபோது யாது நிகழும் என்பதே இங்கு முதன்மையான வினா. பல கருவிகளில் நிபந்தனையின்மை ‘எல்லாவற்றையும்’ எனப் பொருள்படுகின்றது. நிபந்தனையற்ற அழிப்புக் கட்டளை மறுக்கப்படவேண்டும். ஒரு தடவையில் நீக்கத்தக்க உச்ச எண்ணிக்கையும் வரையறுக்கப்படல் வேண்டும்.

மூன்றாவது பங்குரிமை. பலருக்குப் பொதுவான பங்குக்கிணற்றை ஒருவர் தனித்துத் தூர்த்தல் இயலாது. தரவுத்தளத்திலும் ஒரு குடும்பப் பதிவைச் சார்ந்து ஒளிப்படங்களும் வாக்குமூலங்களும் இருக்கலாம். தலைப்பதிவு நீங்கும்போது சார்ந்தவையும் நீங்குமா, தங்குமா, அல்லது கட்டளையே மறுக்கப்படுமா என்பது தெளிவாக எழுதப்படல் வேண்டும்.

நான்காவது முன்னோட்டமும் சாட்சியும். கருவி தன் இயல்புநிலையில் எதையும் அழிக்காது, அழியவிருப்பவற்றின் எண்ணிக்கையையும் மாதிரிகளையும் காட்டவேண்டும். அம்முன்னோட்டம் தரும் அடையாளக் குறியை ஒரு மனிதர் உறுதிப்படுத்தியபின்னரே உண்மையான செயல் நிகழவேண்டும். முன்னோட்டத்தில் 12 பதிவுகள் காட்டப்பட்டு, செயற்படும் வேளையில் அவை 1,200 ஆகிவிடின் கருவி நின்றுவிடவேண்டும்.

ஐந்தாவது விளைவும் மீட்பும். செயல் முடிந்தபின் எத்தனை பதிவுகள் நீங்கின, அவற்றின் அடையாள எண்கள் யாவை, எத்தனை நாளுக்குள் எவ்வாறு மீட்கலாம் என்பவற்றைக் கருவி திருப்பித் தரவேண்டும். அதே கட்டளையை இரண்டாம் முறை இட்டால் யாது நிகழும் என்பதும் கூறப்படவேண்டும். இணைப்பு அறுந்து விடை வராதபோது முகவர் மீண்டும் முயலும் என்பதாலேயே இது அவசியமாகின்றது. பிழைச்செய்திகளும் ஆவணத்தின் பகுதியே. ‘தோல்வி’ என்று மட்டும் கூறும் செய்தி வேறு வழி தேடுமாறு முகவரைத் தூண்டும். ‘இப்பதிவு பாதுகாக்கப்பட்டது, மீண்டும் முயலற்க, பொறுப்பாளரிடம் தெரிவிக்க’ என்று கூறும் செய்தி அதனை நிறுத்தும்.

நன்னூலார் தொகுத்த நூற்குற்றங்களுட் சில இங்கும் பொருந்துகின்றன. முன்னிபந்தனையை விடுதல் குன்றக்கூறல். ஓரிடத்தில் மீட்கலாம் என்றும் பிறிதோரிடத்தில் நிரந்தரம் என்றும் எழுதுதல் மாறுகொளக்கூறல். ‘தேவையற்ற பதிவுகள்’ என வரையறையின்றிச் சொல்லுதல் மயங்கவைத்தல். எனினும் மிகைபடக்கூறலும் குற்றமே என்பதை மறத்தலாகாது. நீண்ட எச்சரிக்கைகளுக்குள் உயிர்நிலையான ஒரு வாக்கியம் புதைந்துபோதல் மனிதருக்கும் முகவருக்கும் பொதுவான இடர். எப்போது பயன்படுத்துவது என்பதைவிட எப்போது பயன்படுத்தலாகாது என்பது முன்னிடம் பெறவேண்டும்.

ஆவணத்தின் எல்லை

ஆவணம் அனைத்தையும் செய்துவிடும் என நாம் கூறவில்லை. முகவர்களையும் கருவிகளையும் இணைப்பதற்கென அன்றொப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மொடல் கொன்ரெக்ஸ்ற் புறொட்டோகோல் என்னும் பொது நெறிமுறையின் 2025 மார்ச் வடிவம், ஒரு கருவி அழிவு விளைக்கக்கூடியதா எனக் குறிப்பதற்கு இடம்தந்தது. அத்தகைய குறிப்புகள் வெறும் குறிப்புகளே என்றும், நம்பகமற்ற இடத்திலிருந்து வருபவற்றை நம்பலாகாது என்றும் அந்நெறிமுறையே எச்சரித்தது. அழித்தலாகாது என எழுதுவதைக் காட்டிலும், அழிக்கும் அதிகாரத்தைக் கொடாதிருத்தல் வலிமையானது. படிக்கும் அனுமதி வேறு, அழிக்கும் அனுமதி வேறு என்ற பிரிவினை கருவியின் அமைப்பிலேயே இருக்கவேண்டும். தரவின் பிரதி முகவரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். அப்பிரதியிலிருந்து மீட்டுப்பார்த்தல் காலந்தோறும் நிகழவேண்டும்.

மற்றொரு இடரும் உண்டு. முகவர் படிக்கும் ஆவணங்களுக்குள்ளேயே அதற்கான கட்டளைபோன்ற வாக்கியங்கள் இருக்கலாம். ‘இதனைப் படித்தபின் அழித்துவிடவும்’ என்று 1980களில் எழுதப்பட்ட கடிதமொன்று அவ்வாசிகசாலையின் சேகரத்தில் இருக்குமாயின், அது அக்கடிதத்தைப் பெற்றவருக்கான வேண்டுகோளேயன்றி முகவருக்கான ஆணையன்று. தரவினுள் காணப்படும் சொற்கள் ஆணையாகா என்பதை ஆவணம் வெளிப்படையாகக் கூறவேண்டும். கருவி மனித உறுதிப்பாட்டினால் அதனைக் காக்கவும் வேண்டும்.

அழிப்பும் உரிமையும்

மேற்கூறியவற்றால் அழித்தலே தீது என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தம்மைப் பற்றிய தரவை அழிக்குமாறு கோரும் உரிமையைத் தனியாட்களுக்கு அளித்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அத்தகைய உரிமை இடம்பெற்றுள்ளது. போர்ச்சூழலில் வாழ்ந்த மக்களுக்கு இது ஏட்டளவிலான உரிமையன்று. ஒரு பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்தாயிருந்த காலங்களை வடமராட்சி அறியும். தன் வாக்குமூலத்தை நீக்குமாறு ஒரு பெண் கோருவாளாயின் அது முழுமையாக அழியவேண்டும். மறைத்துவைத்து அழித்ததாகக் கூறுதல் வஞ்சனையாகும். பிரதிகளிலிருந்தும் அது எப்போது நீங்கும் என்பதையும் ஆவணம் கூறவேண்டும். அழித்தமைக்கான சான்றில் நாளும் ஆணையிட்டவரும் காரணமும் இருக்கலாம்; அழித்த செய்தியே அதில் மீளத் தோன்றலாகாது.

ஆகவே பிரச்சினை பேணுதலா அழித்தலா என்பதன்று. யார் தீர்மானிக்கின்றனர், எந்தச் சொற்களால் தீர்மானிக்கின்றனர், அதற்கு யார் பொறுப்பு என்பதே பிரச்சினை. இன்று இத்தகைய கருவிகளின் விளக்கவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், தொலைநகரங்களில், இத்தரவுகளுக்கு உரியவர்களை ஒருபோதும் கண்டிராதவர்களால் எழுதப்படுகின்றன. விளைவை அனுபவிப்போர் அவற்றைப் படிக்கவும் இயலாத நிலை நிலவுகின்றது. கணினியறிவு படைத்தோரின் தனிச்சொத்தாக இதனை விடுதல், உறுதி எழுதும் பொறுப்பைக் காணி வாங்குபவனிடமே முழுமையாக விடுவதை ஒக்கும்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளால் ஈழத்து எழுத்தின் கணிசமான பகுதி கணினியேறியுள்ளது. திரட்டும் பணிக்குத் தந்த சிந்தனையை, திரட்டியதன்மீது இயங்கவிருக்கும் கருவிகளின் விதிகளுக்கும் நாம் தரவேண்டியுள்ளது. நூலகரும் மொழியியலாளரும் சட்டமறிந்தோரும் ஊரவரும் இணைந்து, ஒவ்வோர் ஆவணச் சேகரத்துக்கும் உரிய அழிப்பு விதிகளைத் தமிழில் எழுதி, அவற்றைக் கருவிகளின் விளக்கவுரைகளில் இடம்பெறச் செய்தல் உடனடிப் பணியாகும். இறந்த திகதியின் வெற்றிடம் குறைபாடன்று, பாமினிக் கோப்பு பழுதன்று, ஒரே பெயருடையார் இருவராதல் கூடும் என்னும் மூன்று வாக்கியங்களிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.